வேணுகோபாலன் வாழும் வனம்: ரயிலா, பேருந்தா, காரா?

கர்நாடக மாநிலத்தின் தென்கோடியில், சாமராஜநகர் மாவட்டத்துக் குண்டல்பேட்டை வட்டத்தில், பந்திப்பூர் தேசியப் பூங்காவின் காடுகளுக்கு நடுவே உயர்ந்து நிற்கிறது இமவத் கோபாலசுவாமி மலை. கன்னட மக்கள் இதை 'ஹிமவத் கோபாலஸ்வாமி பெட்டா' என்று அழைக்கிறார்கள். கடல் மட்டத்திலிருந்து 1,454 மீட்டர் உயரம். பந்திப்பூர் வனத்தில் இதைவிட உயர்ந்த சிகரம் இல்லை. ஆண்டின் பெரும்பகுதியில் மலையுச்சியைப் பனிமூட்டம் தழுவிக்கொண்டிருப்பதால் 'இமவத்' என்ற அடைமொழி வந்தது. அந்தப் பனிக்குள்ளே, மரத்தடியில் குழலூதும் கோலத்தில், ஸ்ரீவேணுகோபாலன் அருள்பாலிக்கிறான்.

இத்தலத்தின் பெருமையைக் கேள்விப்பட்ட அன்பர்கள் பலர், குறிப்பாக அறுபதைத் தாண்டியவர்கள், ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "காட்டுக்குள் இருக்கிற கோயிலாயிற்றே, இந்த வயதில் நாங்கள் எப்படிப் போவது? ரயில் போகுமா? பேருந்து உண்டா? காரில்தான் போக வேண்டுமா?" நியாயமான கேள்வி. சோழநாட்டுத் தலங்களுக்குச் செல்வதுபோல் ஊரில் இறங்கி நாலடி நடந்து சந்நிதியை அடைந்துவிட இயலாத இடம் இது. முப்பத்தைந்து ஆண்டுகள் வங்கியில் வரவு செலவு பார்த்தவன் என்ற முறையில், மூன்று வழிகளின் சாதக பாதகங்களையும், எங்கள் குடும்பத்தார் சென்றுவந்த அனுபவத்தையும் இங்கே தருகிறேன்.

கண்ணன் பெயர் தாங்கிய காடு

முதலில் தலத்தின் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். இந்த ஆலயம் 1315ஆம் ஆண்டையொட்டி, ஹொய்சள மன்னர் மூன்றாம் வீர வல்லாளர் காலத்தில் எழுந்தது என்பர். வல்லாளர் என்றதும் நம்மவர்களுக்குத் திருவண்ணாமலை நினைவுக்கு வரும். அண்ணாமலையார் ஆலயத்தின் வல்லாள கோபுரமும், பிள்ளையில்லாத வல்லாள மகாராஜாவுக்கு அருணாசலேசுவரரே மகனாக இருந்து ஆண்டுதோறும் மாசி மாதத்தில் பள்ளிகொண்டாப்பட்டில் திதி கொடுக்கும் வைபவமும் நாம் அறிந்தவையே. அந்த வல்லாளர் இந்த மன்னரே என்று கருதப்படுகிறது. அங்கே சிவனுக்குத் தந்தையானவர், இங்கே கண்ணனுக்கு மலைமேல் கோயில் எழுப்பினார் என்று எண்ணும்போது, தூரத்து மலை நம் உறவினர் வீடாகிவிடுகிறது.

பின்னாளில் மைசூரு உடையார் மன்னர்கள் இவ்வாலயத்தைப் பக்தியோடு பேணிவந்தனர். நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் ஆட்சியில், 1931ஆம் ஆண்டில், இப்பகுதியில் 90 சதுர கிலோமீட்டர் காடு சரணாலயமாக்கப்பட்டது. அது விரிவடைந்து, மலைமேல் வீற்றிருக்கும் பெருமாளின் பெயராலேயே 'வேணுகோபால வனவிலங்குப் பூங்கா' என வழங்கப்பட்டது. 1973ஆம் ஆண்டில் புலிகள் பாதுகாப்புத் திட்டம் நாட்டில் தொடங்கியபோது, முதன்முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒன்பது காடுகளில் பந்திப்பூரும் ஒன்று. இன்று 870 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தேசியப் பூங்காவாக, வடக்கே கபினியும் தெற்கே மோயாறும் எல்லையாக, முதுமலை, வயநாடு, நாகரஹொளே காடுகளோடு தோள் சேர்ந்து நிற்கிறது.

ஆக, நாம் செல்வது வெறும் வனவிலங்குப் பூங்காவுக்கு அன்று. மாடு மேய்த்தவன் பெயரில் காக்கப்பட்ட மேய்ச்சல் நிலத்துக்கு. எந்த வாகனத்தில் செல்வது என்று முடிவு செய்யும்போது இதையும் மனத்தில் வைப்பது நல்லது.

ரயில்: நெடுந்தூரத்துக்கு நிம்மதி

சென்னையிலிருந்து மைசூரு ஏறத்தாழ 500 கி.மீ. இரவில் புறப்படும் காவேரி எக்ஸ்பிரஸ் விடியற்காலையில் மைசூருவில் கொண்டுசேர்த்துவிடும். பகலில் செல்ல விரும்புவோருக்குச் சதாப்தியும், 2022 நவம்பரில் தொடங்கப்பட்ட வந்தே பாரத்தும் உண்டு. ஆனால் அவை மைசூருவை அடைவதற்கு நண்பகல் ஆகிவிடும். மலைக்கோயில் மாலை நான்கு மணியளவில் நடை சாத்தப்படுவதால், அன்றே மலைக்குச் செல்லும் எண்ணம் வேண்டாம். தஞ்சை, திருச்சி வட்டாரத்து அன்பர்களுக்கும், மதுரை, தூத்துக்குடிப் பக்கத்து அன்பர்களுக்கும் மைசூருவுக்கு நேரடி ரயில்கள் இருக்கின்றன.

வயதானவர்களுக்கு ரயிலின் முதல் அனுகூலம், காலை நீட்டிப் படுக்கலாம் என்பது. இரண்டாவது, கழிப்பறை. சர்க்கரை நோயாளிகளுக்கும், இரவில் அடிக்கடி எழ வேண்டியவர்களுக்கும் இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது வருத்தமே. ஆயினும் அறுபது வயது கடந்த ஆண்களுக்கும், நாற்பத்தைந்து கடந்த பெண்களுக்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு தொடர்கிறது. முன்பதிவு இப்போது 60 நாள்களுக்கு முன்புதான் தொடங்குகிறது. அன்றைக்கே பதிவு செய்துவிட்டால் கீழ்ப்படுக்கை கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

ரயிலின் குறை என்ன? காடு வரைக்கும் அது வருவதில்லை. மைசூருவிலிருந்து நஞ்சன்கூடு வழியாகச் சாமராஜநகருக்கு ஏறத்தாழ 60 கி.மீ. தூரம் ஒரு கிளைப்பாதை செல்கிறது. தண்டவாளம் அங்கேயே முடிந்துவிடுகிறது. அதைச் சத்தியமங்கலம் வழியாகத் தமிழகத்தோடு இணைக்கும் யோசனை நெடுங்காலமாகப் பேசப்பட்டும், நடுவே காடு இருப்பதால் நிறைவேறவில்லை. யானைகள் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் தடத்தில் ரயில் ஓடாதிருப்பது ஒருவகையில் அந்தக் கோபாலன் கருணையே என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் கிளைப்பாதையால் நமக்கு ஒரு பெரும் பயன் உண்டு. நஞ்சன்கூட்டில் இறங்கினால், கபிலை என்னும் கபினி நதிக்கரையில், ஒன்பது நிலை ராஜகோபுரத்தோடு திகழும் ஸ்ரீகண்டேசுவரர் ஆலயத்தைத் தரிசிக்கலாம். ஆலகால நஞ்சை உண்ட பெருமான் என்பதால் 'நஞ்சுண்டேசுவரர்'. தம் யானையின் கண் நோய் இங்கே வேண்டிக்கொண்டபின் நீங்கியதால் திப்பு சுல்தான் இப்பெருமானை 'ஹக்கீம் நஞ்சுண்டா', அதாவது வைத்தியர் நஞ்சுண்டர், என்று அழைத்து மரகத லிங்கம் காணிக்கையாக்கினார் என்பர். நோய்நொடியோடு யாத்திரை செல்லும் நம் போன்றோர் முதலில் வைத்தியரைக் கண்டுவிட்டு மலையேறுவது பொருத்தந்தானே!

பேருந்து: பொறுமை உள்ளவர்க்குப் போதுமானது

மைசூருவிலிருந்து குண்டல்பேட்டை 60 கி.மீ. கர்நாடக அரசுப் பேருந்துகள் அடிக்கடி உண்டு. உதகமண்டலம், சுல்தான் பத்தேரி செல்லும் பேருந்துகளும் குண்டல்பேட்டை வழியாகவே போகின்றன. சாலை நல்ல சாலை. குண்டல்பேட்டையிலிருந்து பந்திப்பூர்ச் சாலையில் ஹங்களா கிராமம் வந்து, அங்கே திரும்பி, சூரியகாந்தியும் செண்டுமல்லியும் பயிராகும் வயல்களைக் கடந்து சென்றால் மலையடிவாரம்.

கொங்குநாட்டு அன்பர்கள் கோவையிலிருந்து மைசூரு செல்லும் பேருந்தில் சத்தியமங்கலம், பண்ணாரி, திம்பம், ஆசனூர் வழியாகச் சாமராஜநகரை அடைந்து, அங்கிருந்து குண்டல்பேட்டைக்கு வரலாம். பண்ணாரி மாரியம்மனை வணங்கிவிட்டு மலையேறும் வழி. ஆனால் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். தலைசுற்றல் உள்ளவர்கள் ஓட்டுநருக்குப் பின்னால் முன் இருக்கைகளில் அமர்வதும், வெறும் வயிற்றிலோ நிறைந்த வயிற்றிலோ ஏறாமலிருப்பதும் நலம்.

மற்றொரு வழி நீலகிரி வழி. மேட்டுப்பாளையத்திலிருந்து 1908 முதல் உதகை வரை செல்லும் மலை ரயிலில் ஏறி, உதகையில் ஒருநாள் தங்கி, மறுநாள் கூடலூர், தெப்பக்காடு, பந்திப்பூர் வழியாகப் பேருந்தில் குண்டல்பேட்டைக்கு வரலாம். இரண்டு புலிகள் காப்பகங்களை ஊடுருவிச் செல்லும் பாதை. மான்கூட்டங்களும் மயில்களும் சாலையோரத்திலேயே தென்படும். சில நாள் யானையும் தென்படும். நீலகிரிக்குள் காரில் நுழைய இ-பாஸ் பெற வேண்டும். அரசுப் பேருந்தில் செல்வோருக்கு அது தேவையில்லை.

பேருந்தின் சிறப்பு, செலவு மிகக் குறைவு. உயரமான இருக்கையிலிருந்து காடு நன்றாகத் தெரியும். வழி தெரிந்த ஓட்டுநர். குறை, நாம் நினைத்த இடத்தில் நிற்காது. மூட்டைகளோடு ஏறி இறங்க வேண்டும். உயரமான படிக்கட்டு முழங்கால் வலி உள்ளவர்களைச் சோதிக்கும். மாறி மாறி ஏறும்போது எங்கே எவ்வளவு நேரம் காத்திருக்க நேரும் என்பதைச் சொல்ல முடியாது.

கார்: வசதியும் அதன் விலையும்

காரின் வசதியை விளக்க வேண்டியதில்லை. வீட்டு வாசலில் ஏறி, வேண்டிய இடத்தில் நின்று, மருந்துப் பையும் வெந்நீர்க் குடுவையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு செல்லலாம். நான்கைந்து பேர் சேர்ந்தால் செலவும் பங்காகிவிடும்.

ஆனால் சென்னையிலிருந்து காரிலேயே செல்வதென்றால், போகும்போது மட்டும் பத்து மணி நேரத்துக்குக் குறையாது. காலைத் தொங்கவிட்டபடி அவ்வளவு நேரம் அமர்ந்திருப்பது வயதானவர்களுக்குக் கால் வீக்கத்தை வரவழைக்கும். ரத்த ஓட்டத்துக்கும் நல்லதன்று என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். ஓட்டுபவரின் களைப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மகனோ மருமகனோ இரவெல்லாம் விழித்து ஓட்டி, விடிந்ததும் மலைப்பாதையில் வண்டி செலுத்துவது பக்தியில் சேராது.

இன்னொன்றும் உண்டு. பந்திப்பூர்க் காட்டை ஊடுருவும் சாலைகளில் 2009ஆம் ஆண்டு முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை வாகனப் போக்குவரத்துக்குத் தடை உள்ளது. அதற்கு முன்பு இரவு நேரத்தில் விரையும் வண்டிகளில் அடிபட்டு எத்தனையோ வனவிலங்குகள் மாண்டன. உயர் நீதிமன்றமும் இத்தடையை உறுதிசெய்தது. இரவில் கோயில் நடை சாத்துவதுபோலக் காட்டின் நடையும் சாத்தப்படுகிறது என்று நாம் எடுத்துக்கொள்ளலாம். அர்த்தஜாமம் முடிந்தபின் கதவைத் தட்டுவது எப்படி முறையில்லையோ, அப்படித்தான் இதுவும்.

மூன்று கட்டங்களில் ஒரு கணக்கு

என் மூத்த சகோதரிக்கு வயது எழுபத்தெட்டு. அவருடைய கணவர் பணியின் பொருட்டு மைசூருவில் ஒன்பது ஆண்டுகள் இருந்தார். அந்த ஒன்பது ஆண்டும், "இந்தச் சிராவண மாதம் கோபாலசுவாமி மலைக்குப் போய்விடலாம்" என்று தம்பதியர் பேசிக்கொள்வார்களாம். ஓர் ஆண்டு குழந்தைகளின் தேர்வு, ஓர் ஆண்டு மாமியாரின் உடல்நலம், ஓர் ஆண்டு அலுவலகத் தணிக்கை. எண்பது கிலோமீட்டரில் இருந்த மலை எட்டாமலேயே போயிற்று. பிறகு மாற்றலாகிச் சென்னைக்கு வந்தார்கள். அவர் இறைவனடி சேர்ந்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன.

சென்ற ஆண்டு அக்காள் என்னிடம், "தம்பி, எனக்கு வேறு ஆசை ஒன்றும் இல்லை. அந்த மலைக்கு ஒரு தடவை கூட்டிக்கொண்டு போ" என்றார். பெங்களூருவில் வசிக்கும் அவருடைய மகன் ஒப்பவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அக்காளுக்கு இதயத்தில் ஸ்டென்ட் பொருத்தியிருந்தார்கள். ஒரு முழங்காலில் மாற்று அறுவை சிகிச்சையும் நடந்திருந்தது. "மாமா, நடுக்காட்டில் அம்மாவுக்கு மூச்சு முட்டினால் என்ன செய்வீர்கள்? போவதானால் நான் காரில் வந்து சென்னையிலிருந்து அழைத்துப் போகிறேன். இல்லாவிட்டால் வேண்டாம்" என்றான். அவன் கேட்டதில் தவறில்லை. பெற்ற தாயைப் பற்றிய கவலை. அக்காளோ, "என்னால் அவ்வளவு நேரம் காரில் மடங்கி உட்கார முடியாது" என்றார். யாத்திரையே நின்றுவிடும்போல் இருந்தது.

வங்கிப் பழக்கத்தில் ஒரு தாளை எடுத்து மூன்று கட்டங்கள் போட்டேன். ரயில், பேருந்து, கார். செலவை நான் எழுதவில்லை. எத்தனை முறை ஏறி இறங்க வேண்டும், தொடர்ந்து எத்தனை மணி நேரம் உட்கார வேண்டும், கழிப்பறை எங்கே, அருகிலுள்ள மருத்துவமனை எங்கே, யார் களைத்துப்போவார்கள் என்ற ஐந்து கேள்விகளை மட்டும் எழுதி ஒவ்வொன்றுக்கும் விடை நிரப்பினேன். ஒரே வாகனம் எல்லாக் கட்டத்திலும் தேறவில்லை. ஆனால் பயணத்தை மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வாகனம் தேறியது. நெடுந்தூரத்துக்கு ரயில், மைசூருவிலிருந்து அடிவாரத்துக்குக் கார், மலைக்குப் பேருந்து.

இருதய மருத்துவரிடம் அந்தத் தாளைக் காட்டினேன். அந்த உயரத்தால் அச்சமில்லை, படிகளில் மட்டும் அவசரம் கூடாது என்று சொல்லி, மருந்து விவரங்களை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். அக்காள் மகனும் சமாதானமடைந்தான். பெங்களூருவிலிருந்து தன் காரில் முதல்நாளே மைசூரு வந்து சேர்வதாக ஏற்பாடு.

அக்காளுக்கும் என் மனைவிக்கும் கீழ்ப்படுக்கைகள் கிடைத்தன. மைசூருவில் இறங்கி, மின்தூக்கி உள்ள விடுதியில் ஒரு பகலும் ஓர் இரவும் ஓய்வு. மறுநாள் காலை புறப்பட்டு, நஞ்சன்கூட்டில் ஸ்ரீகண்டேசுவரர் தரிசனம், இட்லியும் காப்பியும், மருந்து. 1735ஆம் ஆண்டில் கபினியின்மேல் கட்டப்பட்ட பழைய பாலத்தைப் பார்த்ததும், "இந்த வழியாகத்தான் அவர் முகாமுக்குப் போவார்" என்றார் அக்காள். அதன்பின் குண்டல்பேட்டை வரை ஒன்றும் பேசவில்லை. குண்டல்பேட்டையில் அரசு மருத்துவமனை எங்கே இருக்கிறது என்பதை மட்டும் நான் கவனித்து வைத்துக்கொண்டேன்.

எல்லோருக்கும் ஒரே வண்டி

மலையடிவாரத்தில் வனத்துறையின் சோதனைச் சாவடி. தனியார் வாகனங்கள் எதுவாயினும் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். மேலே ஏறத்தாழ 5 கி.மீ. மலைப்பாதையில் கர்நாடக அரசுப் பேருந்துகள் மட்டுமே செல்கின்றன. அக்காள் மகன் காவலரிடம் சென்று, தாயாரின் உடல்நிலையைச் சொல்லிக் காரை அனுமதிக்கக் கேட்டான். அவர் மரியாதையாகவே மறுத்துவிட்டார். ஒருவருக்குத் தளர்த்தினால் ஒன்பது பேருக்குத் தளர்த்த வேண்டிவரும் என்பதை நானும் அறிவேன். அவன் முகம் வாடியதைக் கண்டு அக்காள், "விடுடா. பெருமாள் எல்லோரையும் ஒரே வண்டியில்தான் கூப்பிடுகிறார்" என்றார்.

வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் ஒரு விவசாயக் குடும்பம், பின்னால் கல்லூரி மாணவர்கள். அக்காள் படியில் கால்வைத்தபோது நடத்துநர் கையைப் பிடித்து, "நிதானா அஜ்ஜி, நிதானா" என்றார். மெதுவாகப் பாட்டி, மெதுவாக என்று பொருள். ஒரு மாணவர் எழுந்து முன் இருக்கையைக் கொடுத்தார். பல ஆண்டுகளாக அரசுப் பேருந்தில் ஏறியிராத அக்காள் மகன், தாயின் இருக்கைக் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே வந்தான்.

பாதி வழியில் ஒரு திருப்பத்தில் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி இயந்திரத்தை அணைத்தார். கீழே சரிவில், புல்வெளியில் மூன்று யானைகள். ஒன்று குட்டி. பேருந்தில் இருந்த ஐம்பது பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தோம். ஒருவரும் கத்தவில்லை. குட்டி தாயின் வயிற்றுக்கடியில் நுழைந்து மறுபக்கம் வந்தது. பிறகு மூன்றும் மரங்களுக்குள் மறைந்தன. வண்டி மீண்டும் கிளம்பியது. காரில் தனித்துச் சென்றிருந்தால் நாங்கள் அந்தத் திருப்பத்தில் எப்படி நடந்துகொண்டிருப்போமோ தெரியாது. நாள்தோறும் அவ்வழியே செல்பவருக்கு எப்போது நிற்க வேண்டும், எப்போது நகர வேண்டும் என்பது தெரிந்திருந்தது.

பனிக்குள் ஒரு குழலோசை

உச்சியில் இறங்கியதும் குளிர்காற்று முகத்தில் மோதியது. சில படிகள் ஏறினால் ஆலயம். சிறிய கோபுரம், எளிமையான பிராகாரம். சுற்றிலும் பச்சைப் புல்வெளியும், மடிப்பு மடிப்பாக மலைகளும். ஹம்சாத்ரி, நீலாத்ரி, கருடாத்ரி, மங்களாத்ரி என அம்மலைகளுக்குப் பெயர்கள். அகத்திய மாமுனிவர் இங்கே தவமியற்றினார் என்றும், அவர் தவத்துக்கு மகிழ்ந்து திருமால் எழுந்தருளினார் என்றும் தலபுராணம் கூறும். ஹம்ச தீர்த்தத்தில் நீராடிய காகங்கள் அன்னங்களாக மாறின, ஆதலால் இம்மலையில் காகங்கள் இல்லை என்பது இவ்வூர் மக்களின் நம்பிக்கை.

கருவறையில் வேணுகோபாலன். ஒரு மரத்தின் நிழலில் நின்று குழலூதுகிறான். ஆயர் தோழர்களும் பசுக்களும் அவனைச் சூழ்ந்திருக்கின்றனர். ருக்மிணியும் சத்தியபாமையும் உடன் உள்ளனர். கருவறை வாயிலின் மேற்கல்லில் நீர்த்துளிகள் கசிந்து அரும்புகின்றன. அந்த ஈரத்தையே அர்ச்சகர் தீர்த்தமாகப் பக்தர்கள்மேல் தெளிக்கிறார். மலையின் பனியே அபிஷேக நீராக இறங்குகிறது.

எங்கள்மேல் தெளித்துவிட்டு அர்ச்சகர் நகர முற்பட்டபோது, அக்காள் தமக்குத் தெரிந்த கன்னடத்தில், "இன்னொருவருக்கும் வேண்டும்" என்றார். அர்ச்சகர் சுற்றிலும் பார்த்தார். அக்காள் தம் வலது உள்ளங்கையைக் காட்டினார். புரிந்துகொண்டார் போலும். ஒன்றும் கேளாமல் அதில் சில துளிகள் தெளித்தார். அக்காள் அந்தக் கையை மூடிக்கொண்டு, பிராகாரம் சுற்றி வரும்வரை திறக்கவில்லை. அவர் மகன் அதைப் பார்த்துக்கொண்டே வந்தான். கீழே இறங்கும் பேருந்தில், "அப்பாவையும் அழைத்து வந்திருக்க வேண்டும், மாமா" என்றான். "வந்துவிட்டார்" என்றேன்.

மாலை நடை சாத்தும் நேரம்வரை நாங்கள் காத்திருக்கவில்லை. பிற்பகல் இரண்டு மணிக்குள் அடிவாரத்தை அடைந்து, வெளிச்சம் இருக்கும்போதே மைசூரு திரும்பி, இரவு ரயிலைப் பிடித்தோம். அக்காளுக்கு ஒரு மாத்திரைகூட அதிகமாகத் தேவைப்படவில்லை.

செல்வோர் கவனத்துக்கு

தனித்து நடமாடக்கூடிய, சுமை குறைவாக உள்ள அன்பர்கள் மைசூருவரை ரயில், பிறகு பேருந்து என்றே செல்லலாம். முழங்கால், இருதயக் கோளாறு உள்ளவர்களும், எழுபத்தைந்து கடந்தவர்களும் மைசூருவிலிருந்து அடிவாரம் வரை கார் அமர்த்திக்கொள்வது நலம். கோவை, ஈரோடு வட்டாரத்தினர் காரில் புறப்பட்டாலும் பகல் வெளிச்சத்திலேயே மலைப்பாதைகளைக் கடந்துவிடும்படி நேரத்தை வகுத்துக்கொள்ளுங்கள்.

ஆலயம் காலை எட்டரை மணியளவில் திறந்து மாலை நான்கு மணியளவில் நடை சாத்தப்படும். விழாக்காலங்களில் மாறக்கூடும், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறுகளிலும் சிராவண மாதத்துச் சனிக்கிழமைகளிலும் பேருந்துக்கு நீண்ட வரிசை இருக்கும். வாரநாள் காலையே முதியவர்களுக்கு உகந்தது. மலையில் தங்குமிடம் கிடையாது. கம்பளிச் சால்வை, காதை மறைக்கும் துணி, மருந்துச் சீட்டு, சிறிது சிற்றுண்டி ஆகியவற்றை மறவாதீர்கள்.

காட்டுச் சாலையில் வண்டியை நிறுத்துவதும், இறங்கிப் புகைப்படம் எடுப்பதும், குரங்குக்கும் மானுக்கும் தின்பண்டம் கொடுப்பதும் தடை செய்யப்பட்டவை. உணவிடுவது புண்ணியம் என்று நாம் எண்ணலாம். ஆனால் நம் கையை நம்பிச் சாலைக்கு வரும் விலங்கு வண்டியில் அடிபடும்போது அந்தப் பாவத்தில் நமக்கும் பங்குண்டு. 2019ஆம் ஆண்டு பிப்ரவரியில் இம்மலைப் பகுதியில் காட்டுத்தீ பரவிப் பெரும் பரப்பு கருகியது. கோடைக்கு முந்தைய மாதங்களில் ஒரு தீப்பொறிகூடப் பேரழிவாகும். கற்பூரமும் நெய்விளக்கும் ஆலயத்துக்குள் அர்ச்சகர் கையோடு இருக்கட்டும். நெகிழிப் பைகளைக் கொண்டுசெல்லவே வேண்டாம்.

வனத்தைக் காண விரும்புவோருக்கு வனத்துறையின் சஃபாரி வண்டிகள் நடைபெறும் நாள்களும் நேரமும் வரவேற்பு நிலையத்தில் கிடைக்கும். கிடைக்காவிட்டாலும் குறையில்லை. அடிவாரத்திலிருந்து செல்லும் அரசுப் பேருந்தே காட்டையும் காட்டும், கண்ணனையும் காட்டும்.

"அடுத்த ஆண்டு போகலாம்" என்று தள்ளிவைத்திருக்கும் அன்பர்கள், ஒரு தாளை எடுத்து அந்த ஐந்து கேள்விகளை எழுதிப் பாருங்கள். உங்கள் உடலுக்கு ஏற்ற வழி ஒன்று அதிலேயே புலப்படும். மலையேற உடலில் வலுவும் உடன்வரத் துணையும் இருக்கும்போதே புறப்படுங்கள். கோபாலன் காத்திருக்கிறான்.